பயம் தெளிந்த நான்காம் மாதம்

"டீச்சர், கால்வாயைப் பார்க்காதீங்க! ரோட்டைப் பாருங்க, ரோட்டை!"

தோட்டத்துத் திடலின் நடுவே நின்றுகொண்டு என்னைப் பார்த்து இப்படிக் கத்தியவன், ஒரு காலத்தில் என்னிடம் மூன்றாம் வகுப்பில் படித்த பையன். ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் ஐம்பத்து நான்கு என்று துணிந்து சொல்லுவான். "சன்னலைப் பார்க்காதே, புத்தகத்தைப் பார்" என்று அவனை நான் எத்தனை முறை அதட்டியிருப்பேன்! அந்தக் கடனெல்லாம் அன்று வட்டியோடு திரும்பி வந்தது. நான் கால்வாயைத்தான் பார்த்தேன். மோட்டாரும் கால்வாய்க்குத்தான் போனது. முழங்கால் வரை சேறு. வாசக நேயர்களே, அப்போது எனக்கு வயது 43.

இது நடந்தது 2022-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். அந்த வயதில் ஓர் ஆசிரியைக்கு மோட்டார் சைக்கிள் பழக என்ன வந்தது என்று நீங்கள் கேட்கலாம். என் அம்மாவும் அதைத்தான் கேட்டார். வீடு சிறுபட்டணத்தை ஒட்டிய தாமானில். பள்ளிக்கூடமோ கோல சிலாங்கூர்ப் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்குள், 11 கிலோமீட்டர் தள்ளி. என்னைத் தம் காரில் ஏற்றிச் சென்றுகொண்டிருந்த சக ஆசிரியைக்கு ஜொகூருக்கு மாற்றலாகிவிட்டது. தோட்டத்துக்குள் பஸ் கிடையாது. காலை ஆறரைக்கு வாடகைக் காரை அழைத்தால், "உள்ளே வர முடியாது" என்ற பதில்தான். கணவர் நெடுந்தூர லோரி ஓட்டுநர். வாரத்தில் நான்கு நாள் வீட்டில் இருக்க மாட்டார். காருக்கு மாதத் தவணை கட்ட, மகளின் பல்கலைக்கழகச் செலவு இடங்கொடுக்கவில்லை. எஞ்சியது மோட்டார்தான்.

ஆனால் எங்கள் வீட்டில் மோட்டார் என்ற சொல்லே 27 ஆண்டுகளாகப் புழங்கவில்லை.

என் அண்ணன் 1995-ஆம் ஆண்டில் இறந்தான். அவனுக்கு வயது 20, எனக்கு 16. அவன் நன்றாக ஓட்டுவான். நன்றாக என்றால், தோட்டத்துப் பையன்கள் நின்று வேடிக்கை பார்க்கும் அளவுக்கு. ஒரு திருமண வீட்டில் இரவெல்லாம் பந்தல் வேலை பார்த்துவிட்டு, விடிந்தால் வேலைக்குப் போக வேண்டுமென்று நண்பனின் புது மோட்டாரை வாங்கிக்கொண்டு புறப்பட்டான். சாலையோரம் நின்ற லோரியின் பின்புறம் மோதினான். லோரிக்காரன் விளக்குப் போடவில்லை என்றார்கள் சிலர். விதி என்றார்கள் பலர். அம்மா எதுவும் சொல்லவில்லை. அவனுடைய பழைய மோட்டாரை மறுவாரமே விற்றுவிட்டார்.

ஆகவே நான் மோட்டார் பழகப் போகிறேன் என்று சொன்ன அன்று அம்மா சாப்பிடவில்லை. என்னாலும் சாப்பிட முடியவில்லை.

அந்தப் பயம் எனக்கு முதல் மூன்று மாதமும் கூடவே இருந்தது. பழகியது நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கப்சாய் வண்டிதான். கிளட்ச் பிடி கிடையாது; இடக்கால் மிதியில் கியர் மாற்றினால் போதும். குழந்தைகூட ஓட்டும் என்பார்கள். ஆனாலும் ஏறக்குறைய 100 கிலோ எடையுள்ள ஒரு பொருள் இரண்டு சக்கரத்தில் நிற்கிறது என்பதை, அது சாயும்போதுதான் நாம் உணர்கிறோம்.

அந்தப் பையன் நல்ல ஆசிரியன். இதை மனமாரச் சொல்கிறேன். ஒரு வாரம் வரை இயந்திரத்தை முடுக்கவே விடவில்லை. தள்ளச் சொன்னான், நிறுத்தச் சொன்னான், சாய்த்துப் பிடித்து எடை எங்கே போகிறது என்று பார்க்கச் சொன்னான். "வலது கைதான் டீச்சர் வில்லங்கம் பிடிச்சது" என்றான். அது எவ்வளவு உண்மை! எண்ணெய் முறுக்குவதும் வலது கை. முன் பிரேக்கைப் பிடிப்பதும் அதே வலது கை. திடுக்கிட்டால் மனிதன் கையை இறுக்குவான். இறுக்கும்போது மணிக்கட்டு கீழே இறங்கினால் முறுக்கு திறந்துகொள்ளும். நிற்க வேண்டிய வண்டி பாயும். பாய்ந்ததும் இன்னும் இறுக்குவோம். திடலில் ஒரு கோழி குறுக்கே வந்தபோது எனக்கு அப்படித்தான் ஆயிற்று. கோழி பிழைத்தது, கோல் கம்பம்தான் அடி வாங்கியது. மணிக்கட்டைத் தாழ்த்தாமல், இரண்டு விரலை எப்போதும் பிரேக் மேல் வைத்துப் பிடிக்க அவன் பழக்கினான். முன் பிரேக்கைக் கண்டு பயந்து பின் பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்த என்னை, "நிறுத்துறது முன்னாடிதான் டீச்சர், பின்னாடி சும்மா துணைக்கு" என்று திருத்தியவனும் அவனே. பிரேக் போட்டதும் எடையெல்லாம் முன்னால் வந்து முன் சக்கரத்தில் அமர்கிறது. ஆகவே அதுதான் தரையை நன்றாகப் பற்றும். மெல்ல அழுத்தி, பிறகு கூட்ட வேண்டும். வெடுக்கென்று பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

கால்வாய் விஷயத்துக்கும் காரணம் உண்டு. கண் எங்கே நிற்கிறதோ அங்கேதான் வண்டி போகும். விழுந்துவிடுவோமோ என்று எதைப் பார்க்கிறோமோ அதிலேயே விழுவோம். ஓட்டுநர் பயிற்சிக் கழகத்தில் ஒடுக்கமான மேட்டுப் பலகை மேல் ஓட்டும் சோதனையில் நான் முதல் முறை தோற்றதும் இதனால்தான். பலகையைப் பார்த்தேன், இறங்கிவிட்டேன். எழுத்துத் தேர்வில் 50 கேள்விக்கு 42 சரியாக இருந்தால் தேர்ச்சி. அதில் எனக்குச் சிரமமில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தவளுக்குத் தாளில் எழுதவா தெரியாது! மே மாதம் இரண்டாம் முறை போய் லைசென்ஸ் வாங்கினேன்.

முதல் மூன்று மாதம் நான் ஓட்டிய விதத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். மணிக்கு 40 கிலோமீட்டர். வளைவு தெரிந்தால் 20. உதிரிப் பழம் ஒன்று சாலையில் கிடந்தால் அதற்கு நான்கடி விலகல். மழை தூறினால் ஓரமாக நிறுத்திவிடுவேன். சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் கரையும் முதல் சில நிமிடந்தான் மிகவும் வழுக்கும் என்று பையன் சொல்லியிருந்தான். பள்ளிப் பிள்ளைகள், "டீச்சர் நடந்து வந்தா இன்னும் சீக்கிரம் வந்திருப்பாங்க" என்று பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. விழட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த மூன்று மாதத்தில் எனக்கு ஒரு சிராய்ப்புக்கூட இல்லை.

பிறகு பயம் தெளிந்தது. எந்த நாளில் என்று சொல்லத் தெரியவில்லை. ஆகஸ்டு மாதம் ஒரு நாள் வீட்டு வாசலில் இறங்கியபோது, வந்த வழி எதுவுமே நினைவில் இல்லாததைக் கவனித்தேன். அதை எண்ணி நான் மகிழ்ந்தேன் என்பதுதான் வேடிக்கை. "கை பழகிவிட்டது" என்று கணவரிடம் போனில் பெருமை பேசினேன். முள் 70-ஐத் தொட ஆரம்பித்தது. தோட்டச் சாலைதானே என்று சில நாள் ஹெல்மெட் வாரை மாட்டாமலும் போனேன். ஹெல்மெட் சட்டம் 1973-லேயே வந்துவிட்டது. ஆனால் தோட்டத்து எல்லைக்குள் அது வராது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம், தார்ச்சாலைக்கு ஒரு மண்டையும் செம்மண் சாலைக்கு இன்னொரு மண்டையும் இருப்பது போல. அந்தப் பலரில் நானும் சேர்ந்துவிட்டேன்.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஒரு மாணவனின் தாயார் பள்ளிக்கு வந்து, செய்யாத ஒன்றைச் செய்ததாகச் சொல்லி, மற்ற ஆசிரியர்கள் முன்னிலையில் என்னைச் சத்தம் போட்டுப் பேசிவிட்டார். அங்கே நான் ஒன்றும் பதில் சொல்லவில்லை. பள்ளி விட்டதும் மோட்டாரில் ஏறினேன். ஹெல்மெட்டுக்குள் பதில் சொல்ல ஆரம்பித்தேன்.

எவ்வளவு நல்ல பதில்கள்! ஒவ்வொன்றும் முன்னதைவிடக் கூர்மை. தோட்டத்தை விட்டு 5-ஆம் எண் கூட்டரசுச் சாலைக்கு வந்தேன். கிள்ளானையும் கோல சிலாங்கூரையும் தாண்டித் தெலுக் இந்தான் பக்கம் போகும் அந்தச் சாலையைக் கடற்கரைப் பக்கத்து வாசகர்கள் அறிவார்கள். எனக்கு முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று மெதுவாகப் போனது. இவன் வேறு ஊர்கிறானே என்று முந்துவதற்காக வலப்பக்கம் எடுத்தேன். அந்த லோரி அப்போதுதான் வலப்பக்கத்துத் தோட்டச் சாலைக்குள் திரும்பிற்று.

பிரேக் பிடித்தேன். முறையாகப் பிடித்தேனா என்று தெரியாது. சாலையில் உதிரிப் பழமும் சரளையும் கிடந்தன. மோட்டார் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகச் சறுக்கினோம். நான் நின்ற இடத்திலிருந்து லோரியின் பின் சக்கரம் ஒரு வகுப்பு மேசை தூரத்தில் இருந்தது. அன்று வார் மாட்டியிருந்தேன். ஹெல்மெட்டின் வலப்புறம் தேங்காய்த் துருவி மேல் இழுத்தது போலக் கீறல்.

லோரிக்காரர் வயதான மலாய்க்காரர். இறங்கி ஓடி வந்தார். என் பள்ளி அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "சிக்கு, சிக்கு" என்று அழைத்துக்கொண்டே என் தலைக்கு நிழலாகத் தம் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கை என் கையைவிட அதிகமாக நடுங்கியது. பின்னர் போலீஸ் நிலையத்தில், திரும்புவதற்கு முன் விளக்குப் போட்டேன் என்று அவர் சொன்னார். வந்து நின்ற கூட்டத்தில் ஒருவர், போடவில்லை என்றார். என்னைக் கேட்டார்கள்.

அந்த விளக்கு எரிந்ததா இல்லையா என்று எனக்கு இன்று வரை தெரியாது. நான் பார்க்கவில்லை. நான் அந்தத் தாயாருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வலது மணிக்கட்டில் முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. அம்மா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. எனக்குத் தலை வாரிப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தவர், தம் இடது கையை என் முகத்துக்கு முன்னால் நீட்டினார். கட்டைவிரல் அடியில் ஒரு வெட்டுத் தழும்பு. அம்மா 30 வருஷத்துக்கு மேல் பால் வெட்டியவர். சிறு வயது முதல் அந்தத் தழும்பை நான் பார்த்திருக்கிறேன், கதையைக் கேட்டதில்லை.

"இது எப்ப வெட்டுனது தெரியுமா? புதுசா கத்தி புடிச்சப்ப இல்ல. ஆறாவது வருஷம். முதல் வருஷம் கத்தியைப் பார்த்துக்கிட்டே வெட்டுவேன். அன்னிக்கு உங்க அப்பா கூடச் சண்டை. மரத்தப் பார்க்கல, அவரைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

சற்று நேரம் கழித்து, "உங்க அண்ணனும் நல்லாத்தான் ஓட்டுவான்" என்றார். 27 ஆண்டுகளில் அம்மா அவனைப் பற்றி, அவன் ஓட்டியதைப் பற்றி, என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

மாவுக்கட்டோடு வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தை எடுத்து இடது கையால் எழுத ஆரம்பித்தேன். முதலாம் வகுப்புப் பிள்ளையின் கையெழுத்தைவிட மோசம். நான்கு கோடு போட்டேன். நாள், இடம், என்ன நடந்தது அல்லது நடக்கப் பார்த்தது. கடைசிக் கட்டத்தில், அந்நேரம் என் மனம் எங்கே இருந்தது. மே முதல் நடந்ததையெல்லாம் நினைவிலிருந்து எழுதினேன். எனக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவள், எழுத எழுத ஒன்பது எண்ணிக்கை வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். கடைக்கு முன்னால் கதவைத் திறந்த கார். வெள்ளைக் கோட்டின் மேல் மழைநீரில் வழுக்கிய பின் சக்கரம். வளைவில் எதிர்ப்பக்கம் போய்விட்டுத் திரும்பியது. எதிரே யாரும் இல்லை. அந்த வளைவை அன்று நான் "நன்றாக எடுத்தேன்" என்றுதான் நினைத்திருந்தேன்.

கணக்குப் பாடம் நடத்துகிறவர்களுக்கு இது புரியும். சில பிள்ளைகள் வழியைத் தப்பாகப் போட்டு, எப்படியோ சரியான விடையைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள். நாம் சிவப்பு மையால் வட்டம் போட்டு, விடை சரி, வழி தவறு என்று எழுதுவோம். பிள்ளைக்குக் கோபம் வரும். விடைதான் சரியாயிற்றே டீச்சர் என்று சண்டைக்கு வரும். நான்கு மாதம் நானும் அந்தப் பிள்ளையாகத்தான் இருந்திருக்கிறேன். வீடு வந்து சேர்ந்தேன், ஆகவே நன்றாக ஓட்டினேன் என்பது என் கணக்கு.

கணவர் வந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்தார். என்னை லோரியின் ஓட்டுநர் இருக்கையில் ஏற்றி உட்கார வைத்தார். ஏறுவதற்கே இரண்டு பேர் தாங்க வேண்டியிருந்தது. வண்டி காலி இடத்தில் நின்றுகொண்டிருந்தது. மகனை மோட்டாரைத் தள்ளிக்கொண்டு லோரியைச் சுற்றி வரச் சொன்னார். "எங்கே இருக்கான் சொல்லு" என்றார். பின்னால் நெருங்கியதும் மகன் மறைந்தான். இடப்பக்கம் வந்தபோது கண்ணாடியில் ஒரு கணம் தெரிந்து, கதவருகில் மறுபடியும் மறைந்தான். மூக்குக்கு நேர் முன்னால், ஐந்தடியில் நின்று கையாட்டினான் போலிருக்கிறது. விரல் நுனிகூடத் தெரியவில்லை. "கண்ணாடியில என் மூஞ்சி உனக்குத் தெரியலைன்னா, நீ எனக்குத் தெரியலை. அவ்வளவுதான்" என்றார். 20 வருஷமாக லோரிக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறேன். அந்த இருக்கையில் அன்றுதான் உட்கார்ந்தேன்.

மகனிடம் சொல்லிச் சில விவரங்களையும் தேடி எடுக்கச் சொன்னேன். 2019-ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 6,167 பேர். இறப்பவர்களில் 10 பேருக்கு ஏறக்குறைய 6 பேர் மோட்டாரில் போகிறவர்கள். அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்ற பேராசிரியரும் அவர் குழுவினரும் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் 900 மோட்டார் விபத்துகளை நேரில் ஆராய்ந்து, 1981-இல் வெளியிட்ட அறிக்கை ஒன்றையும் அவன் கொண்டுவந்தான். விபத்தில் சிக்கியவர்களில் நூற்றுக்கு 92 பேர் முறையான பயிற்சி பெறாமல், தாமாகவோ வீட்டார், நண்பர் மூலமோ பழகியவர்கள். சராசரியாகப் பார்த்தால் அவர்களுக்கு மூன்று ஆண்டுக்கு நெருங்கிய அனுபவம் இருந்தது. ஆனால் பாதிப் பேருக்கு மேல், விபத்துக்குள்ளான அந்தக் குறிப்பிட்ட வண்டியை ஓட்டி ஐந்து மாதம்கூட ஆகியிருக்கவில்லை. தப்பிப்பதற்குக் கிடைக்கும் நேரம் பொதுவாக இரண்டு வினாடிக்கும் குறைவு. அதைப் படித்தபோது நண்பனின் புது மோட்டாரில் புறப்பட்ட அண்ணனை நினைத்தேன். அம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டவில்லை.

இரண்டு வினாடியை நான் எனக்குப் புரியும் அளவில் போட்டுப் பார்த்தேன். 50 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு 14 மீட்டர் போகிறோம். 70-இல் 19 மீட்டர். எங்கள் வகுப்பறைகள் இரண்டைத் தாண்டும் தூரம். அது கை பிரேக்குக்குப் போவதற்கு முன்பே. பிரேக் பிடித்த பின் நிற்க வேண்டிய தூரமோ, வேகம் 20 கூடியதற்கு ஏறத்தாழ இரு மடங்காகிறது. 11 கிலோமீட்டர் வழியில் 70-க்குப் பதில் 50-இல் போனால் எனக்கு நட்டம் நான்கு நிமிடம்கூட இல்லை. இந்தக் கணக்கை ஐந்தாம் வகுப்புக்கு நான் எத்தனையோ வருஷம் நடத்தியிருக்கிறேன்.

டிசம்பரில் மறுபடியும் ஏறினேன். பயம் திரும்பி வந்திருந்தது. இம்முறை அதை விரட்ட நான் அவசரப்படவில்லை. ஹெல்மெட் வாரை மாட்டும்போது, நான் இப்போது யாரோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்று என்னையே கேட்டுக்கொள்வேன். யாரோடும் இல்லை என்றால் புறப்படுவேன். யாராவது உள்ளே உட்கார்ந்திருந்தால், அது தலைமையாசிரியரோ நாத்தனாரோ, வாரைக் கழற்றிவிட்டு ஆசிரியர் அறைக்குத் திரும்பிப் போய் ஒரு மைலோ கலக்கிக் குடிப்பேன். "டீச்சர் இன்னிக்கு மைலோ நாளா?" என்று பள்ளிக் காவலாளி கேட்பார். பதினைந்து நிமிடம் போதும். போதாத நாளும் உண்டு. ஒரு நாள் மோட்டாரைப் பள்ளியிலேயே விட்டுவிட்டு, பையனின் டிராக்டரில் தொற்றிக்கொண்டு சாலை வரைக்கும் வந்து பஸ் பிடித்தேன்.

பயிற்சிப் புத்தகத்தையும் விடவில்லை. திரும்ப ஏறிய நாள் முதல் ஓராண்டில் 34 பதிவுகள். மழையால் 5, இருட்டால் 3, நாய், மாடு, கோழி வகையறாவுக்கு 6. மீதி 20 பதிவிலும் கடைசிக் கட்டத்தில்தான் காரணம் இருந்தது. அவசரம், கோபம், தூக்கம், பசி. இரண்டு இடத்தில் "மகிழ்ச்சி" என்று எழுதியிருக்கிறேன். மகளுக்கு நல்ல தேர்ச்சி வந்த நாள் அதில் ஒன்று. மகிழ்ச்சியிலும் விழத் தெரிகிறது மனிதனுக்கு!

இதெல்லாம் என் ஒருத்தியோடு போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். 2024-இல் மகனுக்கு 16 முடிந்தது. மோட்டார் லைசென்ஸ் எடுக்க அந்த வயது போதும். அவன் நண்பர்கள் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். கணவர் வேண்டாம் என்றார். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். மகனோ, "நான்தான் ஏற்கெனவே ஓட்டுறேனே" என்று உளறிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். தோட்டத்துக்குள் நண்பன் வண்டியில், ஹெல்மெட் இல்லாமல், எட்டு மாதமாக! அவன் முகத்தைப் பார்த்தேன். பயத்தின் சாயல்கூட இல்லை. அந்த முகத்தை நான் 1995-இல் பார்த்திருக்கிறேன்.

தடுத்தால் ஒளித்து ஓட்டுவான். விட்டால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். மூன்று இரவு தூக்கமில்லை. நான்காம் நாள் என் பயிற்சிப் புத்தகத்தை அவனிடம் கொடுத்தேன். படித்து முடித்தால் ஓட்டுநர் பயிற்சிக் கழகத்துக்குப் பணம் கட்டுகிறேன் என்றேன்.

இடது கை எழுத்தைப் பார்த்துச் சிரித்தான். பிறகு சிரிப்புச் சத்தம் நின்றுவிட்டது. இரவு பத்து மணிக்குச் சமையலறைக்கு வந்தான்.

"அம்மா, பதினேழாவதுல இருக்கிறது நிஜமா?"

பதினேழாவது பதிவு 2023 மார்ச் மாதம். டியூஷன் முடிந்து அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்த இரவு. முந்தின நாள் கேள்வித்தாள் திருத்தி விடியற்காலைதான் படுத்திருந்தேன். நேர்ச்சாலையில் கண் மூடிவிட்டது. ஓரத்துச் சரளையில் சக்கரம் நறநறவென்று ஏறிய சத்தத்தில் விழித்துத் திருப்பினேன். ஒரு முழம் தள்ளி ஆழக் கால்வாய். கடைசிக் கட்டத்தில், "தூக்கம். தெரிந்தே ஏறினேன். பிள்ளை பின்னால்" என்று எழுதியிருந்தேன்.

"நிஜந்தான்" என்றேன்.

"நான் பின்னாடி பந்து விளையாட்டைப் பத்திப் பேசிக்கிட்டே வந்தேனே. எனக்குத் தெரியவே இல்லையேம்மா."

"எனக்கும் தெரியலை, ஐயா."

அவன் வெகுநேரம் அங்கேயே நின்றான். மறுநாள் பட்டணத்தில் இறங்கி, சொந்தக் காசில் ஒரு பயிற்சிப் புத்தகம் வாங்கி வந்தான். நான்கு கோடு போட்டான். பயிற்சிக் கழகத்தில் சேர்ந்து முறையாகப் பழகி லைசென்ஸ் எடுத்தான். அவன் வீட்டுக்கு வரும் நேரமானால் பாட்டி வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். மோட்டார்ச் சத்தம் முனை திரும்பியதும் எழுந்து உள்ளே போய்விடுவார். காத்திருந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்.

அவன் புத்தகத்தை நான் திறக்கக் கூடாது என்பது எங்களுக்குள் பேச்சு. இதுவரை திறக்கவில்லை. சென்ற மாதம் ஒரு மாலை வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தான். முகம் வெளிறியிருந்தது. யாரிடமும் பேசாமல் மேசைக்குப் போய் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தான். சோறு போடட்டுமா என்று கேட்டேன்.

"இருங்கம்மா, இன்னும் கொஞ்சம் எழுதணும்" என்றான்.

ரசம் ஆறிவிட்டது. எடுத்துப் போய் மறுபடியும் அடுப்பில் வைத்தேன்.